நடுவில் கடல் இல்லை

எங்கள் தீவின் துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில், மரைன் ஹில் என்ற குன்றின் அடிவாரத்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. படகுகளில் வைக்கும் ரேடியோக்களைப் பழுது பார்த்து, சோதித்து, சோதனைத் தாள் கொடுப்பது வேலை. நான் எந்தப் படிப்பும் படித்து இதற்கு வந்தவன் இல்லை. கழற்றி, கெடுத்து, திருப்பிப் பூட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

அன்று மத்தியானம் வண்டூர்ப் படகுத்துறையிலிருந்து ஓர் அக்கா படகு ரேடியோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். ராமநாதபுரத்துப் பேச்சு, ஊடே இந்தி. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகு அவருடையது. பழுது பார்ப்பதற்காக ஒரு மாதம் கரையேற்றப்பட்டுக் கிடந்து, இப்போதுதான் தண்ணீரில் இறங்கியிருந்தது.

"தம்பி, நாளக்கிக் காலைல ஜெட்டில ஆள் ஏத்துற நம்பரு என்னோடது. நாலு மணிக்குள்ள ரேடியோ சரின்னு உங்க தாள துறைமுக ஆபீஸ்ல குடுக்கலன்னா நம்பரு அடுத்த படகுக்குப் போயிரும். அப்புறம் வரிசையில கடேசி. ஜல்தி பாரு."

ரேடியோவில் குறை ஒன்றும் இல்லை. சோதிக்கும் கருவியான டெஸ்டரில் மாட்டினேன், அளவுகள் எல்லாம் திரையில் சரியாக வந்தன. அந்த அளவுகள் டெஸ்டரிலிருந்து கணினிக்குப் போய் அங்கே அச்சாக வேண்டும். கையால் எழுதிக் கொடுத்தால் ஆபீஸில் எடுத்துக்கொள்வதில்லை. டெஸ்டரின் பென் டிரைவ் துளையில் போன மழைக்காலத்தில் குளவி மண்கூடு கட்டிவிட்டதால், நெட்வொர்க் கேபிள் ஒன்றுதான் வழி. கணினியில் உட்கார்ந்திருந்த என் கூட்டாளி உதட்டைப் பிதுக்கினார். அவர் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்தது. மிஷின் எது நின்றாலும் அதற்கு லீவு எழுதிவிடுவார்.

"டெஸ்டர் இன்னைக்கு லீவுங்க அண்ணே. கூப்புட்டாலும் பேச ஏலாதுங்குது. காலையில இருந்து நெட்டும் இல்ல."

நெட் இல்லை என்றால் இந்தத் தீவில் யாரும் காரணம் கேட்பதில்லை. 'கடலுக்கடியில கேபிள் போச்சு' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். நானும் அதையேதான் சொன்னேன். அக்கா விடவில்லை.

"கடலுக்கடியில போனது சரி. இந்த டப்பாக்கும் அந்த கம்ப்யூட்டருக்கும் நடுவுல எங்கய்யா கடலு?"

கூட்டாளி சிரித்தார். எனக்குக் காது சூடானது. இரண்டுக்கும் இடையே இருந்தது ஒரு மேசைதான். மேசை மேல் எட்டுத் துளை கொண்ட ஒரு நெட்வொர்க் பெட்டி. எல்லாக் கேபிளும் அதில்தான் கூடும்.

டெஸ்டரின் கேபிளை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. உப்புக்காற்றில் முனை பச்சை பிடித்திருக்குமோ என்று துடைத்தேன். டெஸ்டருக்கும் கணினிக்கும் கொடுத்திருந்த எண் முகவரிகளைப் பார்த்தேன். கடைசி எண் மட்டும் வேறு, மற்றதெல்லாம் ஒன்று. அப்படித்தான் இருக்க வேண்டும். கணினியிலிருந்து டெஸ்டரைக் கூப்பிட்டுப் பார்த்தால் பத்துத் தடவைக்கு ஒரு தடவை பதில் வந்தது. முழுக்கச் செத்திருந்தால் தேடுவது சுலபம். அரை உயிரோடு இருப்பதுதான் ஆளைக் கொல்லும். மெயின்லாண்டில் டெஸ்டர் விற்றவருக்குப் போன் போட்டேன். "கேபிளை மாத்திப் பாத்தீங்களா சார்?" என்றார். மணி இரண்டே முக்கால்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். எட்டு விளக்கும் கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஒன்றாகப் படபடத்துக்கொண்டிருந்தன. நான் அதைப் பார்த்துவிட்டு, வேலை மும்முரம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒரு குட்டைக் கேபிளை விரலால் தூக்கினார்.

"இது எங்க போகுது தம்பி?"

"எங்கயும் போகலக்கா."

"அதான் கேக்குறேன். ஒரே கயித்தோட ரெண்டு முனையையும் ஒரே கட்டையில கட்டி வச்சிருக்க. இதுல எந்தப் படகு நிக்கிது?"

கூட்டாளி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை பட்டறையைக் கூட்டும்போது பெட்டியில் இரண்டு துளை காலியாகத் தெரிந்தது. டெஸ்டரில் போல இதிலும் குளவி கூடு கட்டிவிடக் கூடாதே என்று, கையில் கிடைத்த கேபிளின் இரு முனைகளையும் இரண்டிலும் செருகி அடைத்தது நான்தான். குளவியை வென்றுவிட்டதாக ஒரு நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

"அது... குளவிக்காகக்கா."

"குளவிக்கு எதுக்குய்யா நெட்டு?" என்றார் அக்கா.

அந்த இரு முனைகளும் சேர்ந்து ஒரு வட்டம் ஆகிவிட்டன. ஒரு கருவி இன்னொன்றைத் தேடி எல்லாவற்றுக்குமாக அனுப்பும் செய்தி ஒவ்வொன்றும் அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, மற்றவற்றுக்கு வழி விடாமல் அடைத்துக்கொண்டது. கேபிளை உருவினேன். ஒரு மூச்சு விடும் நேரத்தில் படபடப்பு நின்று, விளக்குகள் தனித்தனியாக, நிதானமாகச் சிமிட்ட ஆரம்பித்தன. நெட்டும் வந்தது. கடலுக்கடியில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"லீவு கேன்சல்," என்றார் கூட்டாளி. அளவுகள் கணினிக்கு வந்து சேர்ந்தன. தாள் அச்சாகும்போது மணி மூன்றேகால்.

தப்பு என்னுடையது என்பதால் என் ஸ்கூட்டரிலேயே அக்காவை ஏற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். வழியில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. துண்டில் சுற்றிய ரேடியோவை மடியில் இறுக்கியிருந்த அவர் கை என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தாளை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு இன்னொரு முறை வாசித்தார். முத்திரை விழுந்தபோது நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அக்கா வராந்தாவிலேயே போனை எடுத்து, வண்டூரில் படகோடு இருந்த தன் ஆளிடம் பேசினார். குரல் அந்தத் தெருவுக்கே கேட்டது.

"சுனோ, நல்லாக் கேளு, நாளக்கி நம்ம நம்பருதான். டீசல் ஊத்தி வையி. லைஃப் ஜாக்கெட்ட எல்லாம் எண்ணிப் பாரு. நான் அஞ்சு மணி பஸ்ஸுக்கு வர்றேன்."