வராதவர்களின் பட்டியல்

1. மருந்து ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டர்

நான் டைப்பிஸ்ட். சுங்கைப்பட்டாணிக்கு வெளியே, சுற்று வட்டார ரப்பர்த் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய குரூப் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் கடிதங்களும் மாத அறிக்கைகளும் தட்டிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் பின்பாதியில் ஒரு திங்கட்கிழமை காலை, பினாங்கிலிருந்து வேனில் மூன்று பெட்டிகள் வந்து இறங்கின. கம்ப்யூட்டர் என்றார்கள். குளிர்சாதன வசதி இருந்த ஒரே அறை மருந்து ஸ்டோர்தான் என்பதால் அதை அங்கேயே வைத்தார்கள். அடுத்த சில வருடங்களுக்கு நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, டெட்டால் வாசனையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

எங்களுக்கு மேலதிகாரி ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட் தேவதாஸ். தோட்டத்து மக்கள் அவரை டிரஸ்ஸர் ஐயா என்பார்கள். அதிகம் பேசமாட்டார். கம்ப்யூட்டர் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, முதலில் காசநோய் ரிஜிஸ்டரை இதில் ஏற்ற வேண்டும் என்றார். காரணம் எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அரசாங்க மருத்துவமனையில் காசநோய் என்று கண்டுபிடித்தால், ஆளுக்கு ஒரு கடிதம் எங்களுக்கு அனுப்புவார்கள். அன்றாட ஊசியும் மாத்திரையும் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே கொடுக்க வேண்டும். மாதக் கணக்கில் ஒரு நாளும் விடாமல் வர வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், 'இனி எதற்கு' என்று பலர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நோய் திரும்பி வரும். அப்போது பழைய மருந்து கேட்காமலும் போகலாம். வாரம் ஒரு முறை வரும் டாக்டர் உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யார் யார் மருந்தை விட்டுவிட்டார்கள்? அதற்குப் பதில் சொல்ல தேவதாஸ் பெரிய நீல ரிஜிஸ்டரை ஒரு மணி நேரம் புரட்டுவார். ஒரு நோயாளிக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். கட்டங்கள் போதாமல் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். தோட்டம் மாறிப்போனவருக்குப் புதிய பக்கத்தில் இன்னொரு வரி. ஒரே ஆள் இரண்டு ஆளாக இருப்பார்.

2. கமாலின் நான்கு நாட்கள்

கம்ப்யூட்டரோடு வந்தவர் கமால். அலோர் ஸ்டாரில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர். நான்கு நாள் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்று அவர் சொன்னபோது, ஏதோ சொந்தபந்த விஷயம் என்று நினைத்தேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். வரிசையும் பத்தியுமாக இருக்கும் அட்டவணைக்குத்தான் கணக்குப் பாடத்தில் ரிலேஷன் என்று பெயராம். பிறகு மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இரண்டு அட்டவணை வரைந்தார். முதலாவது PATIENT: நோயாளியின் எண் (PNO), பெயர், தோட்டம், கடிதம் வந்த தேதி. இரண்டாவது VISIT: நோயாளியின் எண், அவர் மருந்துக்கு வந்த தேதி. அவ்வளவுதான்.

பெயரையும் தோட்டத்தையும் ஏன் இரண்டாவதிலும் எழுதக்கூடாது என்று கேட்டேன்.

"ஒரு விஷயத்த ஒரே எடத்துலதான் எழுதணும்கா. ஆளு தோட்டம் மாறினா ஒரு எடத்துல திருத்தினா போதும்லா. நூறு எடத்துல எழுதி வச்சா, தொண்ணூறத் திருத்திட்டு பத்த மறந்துடுவீங்க."

பெயர் இருக்கும்போது எண் எதற்கு என்ற கேள்விக்கு நீல ரிஜிஸ்டரே பதில் சொன்னது. அதில் லெட்சுமி மட்டும் மூன்று பேர். ஒருவர் அப்பா பெயர் முனியாண்டி, இன்னொருவர் அப்பா பெயரும் முனியாண்டி. எண் என்றால் ஒருவருக்கு ஒன்றுதான். இன்னொருவருக்குப் போகாது. ஆள் டிஸ்சார்ஜ் ஆனாலும் அந்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்கக்கூடாது. டிஸ்பென்சரிகளுக்கு அந்த எண்களை அனுப்பினோம். அங்கிருந்து வாரா வாரம் எண்ணும் தேதியும் எழுதிய சீட்டுகள் வரும். நான் ஏற்றிவிடுவேன்.

மூன்றாம் நாள் முதல் கேள்வியைத் தட்டினேன்.

SELECT NAME FROM PATIENT WHERE ESTATE = 'SIDAM KIRI';

எது வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து, எந்த நிபந்தனையில். மூன்றே துண்டு. எண்டர் தட்டியதும் பச்சை எழுத்தில் ஆறு பெயர்கள் வந்தன. நான் ஏற்றியது ஏழு என்று ஞாபகம். தேடிப் பார்த்தால், ஒருவருக்கு SIDIM என்று தட்டியிருந்தேன். மனிதர்கள் பார்த்தால் சிடாம் என்று புரிந்துகொள்வார்கள். அது புரிந்துகொள்ளாது. அன்று மாலையே தோட்டப் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

கமால் போவதற்கு முன், இரண்டு அட்டவணையையும் எண்ணால் இணைப்பது எப்படி என்று காட்டினார். JOIN என்பார்கள். டாக்டர் கேட்கும் கேள்வியை மட்டும் நானே எழுதட்டும் என்று விட்டுவிட்டார்.

3. திங்கட்கிழமை லிஸ்ட்

அதை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இரண்டு அட்டவணையையும் எண்ணால் இணை. ஒவ்வொருவரும் கடைசியாக வந்த தேதியை எடு. அது ஒரு வாரத்துக்கு முந்தியதாக இருந்தால் பெயரைக் காட்டு. கம்ப்யூட்டர் பத்து தடவை தப்பு என்று சொல்லி, பதினொன்றாவது தடவை பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு லிஸ்ட்டைத் தள்ளியது. ஒன்பது பெயர். தேவதாஸ் நீல ரிஜிஸ்டரை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்பதும் சரி. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு ரோஸ்லின்" என்றார். பதினொரு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோதுகூட எனக்கு அந்த லிஸ்ட்டின் நினைப்புதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் லிஸ்ட் வரும். ஆஸ்பத்திரி வேனில் அந்தந்தத் தோட்டத்துக்குப் போய் ஆட்களைத் தேடிப் பேசுவார்கள். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். டாக்டருக்கும் சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து டாக்டர், ஒழுங்காக வருகிறவர்களின் பெயரும் வேண்டும், அவர்களைக் கூப்பிட்டு நான்கு வார்த்தை நல்லபடியாகச் சொல்லலாம் என்றார். நிபந்தனையை மாற்றிப் போட்டேன். ஐம்பத்தொரு பெயர் வந்தது. அந்த வாரம் விட்டுப்போனவர்கள் ஒன்பது பேர். ஆக மொத்தம் அறுபது.

எதற்கும் பார்ப்போம் என்று PATIENT அட்டவணையில் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னேன். அறுபத்து நான்கு என்றது.

ஒழுங்காக வருகிறவர்கள், விட்டுப்போனவர்கள். இதைத் தவிர வேறு யார் இருக்க முடியும்? மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அறுபதுதான். கமாலைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்துவிட்டு, வைத்துவிட்டேன். ஒரு தாளில் இடது பக்கம் சில நோயாளிகளின் எண்களையும் வலது பக்கம் அவர்கள் வந்த தேதிகளையும் எழுதி, எண்ணுக்கு எண் பென்சிலால் கோடு போட்டேன். கோடு இருக்கிற எண்தான் லிஸ்ட்டுக்கு வரும். அப்போது புரிந்தது. ஒரு நாளாவது வந்திருந்தால்தான் வலது பக்கத்தில் அந்த எண் இருக்கும். ஒரு தடவைகூட வராதவருக்குக் கோடு போட அங்கே எதுவும் இல்லை. அவர் இரண்டு லிஸ்ட்டிலும் வரமாட்டார். நான் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, வந்தவர்களில் யார் நின்றுவிட்டார்கள் என்பதை. வரவே இல்லாதவர்களை நான் கேட்கவே இல்லை.

SELECT PNO, NAME, ESTATE FROM PATIENT
WHERE PNO NOT IN (SELECT PNO FROM VISIT);

VISIT-இல் எண்ணே இல்லாதவர்களைக் கேட்டதும் நான்கு பெயர் வந்தது. ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஒருவர் தம்பி வீட்டோடு இருக்க பினாங்குக்குப் போய், மருந்தையும் அங்கேயே மாற்றிக்கொண்டவர். ஒருவர் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே இறந்துபோனவர். ஒருவரின் கடிதம் வந்தே இரண்டு நாள்தான் ஆகிறது. நான்காவது, இன்னொரு லெட்சுமி, இவள் அப்பா பெயரும் முனியாண்டி, செமிலிங் பக்கத்துத் தோட்டம். கடிதம் வந்து நாற்பது நாளாகியிருந்தது. அதை ஏற்றியது என் கைதான்.

அந்த ஒரு பெயரைச் சத்தமில்லாமல் அடுத்த திங்கட்கிழமை லிஸ்ட்டில் சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற யோசனை வந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த திங்களுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு தேவதாஸ் அறைக்குப் போனேன். மூன்று மாத லிஸ்ட்டும் தப்பு, எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் பென்சில் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத வச்சித்தான் டாக்டர்கிட்ட லிஸ்ட்ல ஒரு ஆளும் விடுபடலன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு அவர் எழுந்து வேன் சாவியை எடுத்தார். "அது அப்பறம் பேசிக்கலாம். இந்தப் பொம்பளய மொதல்ல பாப்போம். நீயும் வா, ஃபைல எடுத்துக்க."

4. செமிலிங்

பீடோங் தாண்டி உள்ளே போகும் மண் சாலை மழையில் குழைந்து கிடந்தது. தேவதாஸ் பள்ளங்களைத் தவிர்த்து ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது எனக்கு.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். லெட்சுமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரையும் விடாமல், பெண் பிள்ளையை எதிர்வீட்டில் விட்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு தட்டும் குவளையும் ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. யாரும் சொல்லாமல் அவளாகச் செய்துகொண்டது.

டிரஸ்ஸரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"கூப்புட வந்துட்டீங்களா ஐயா" என்றாள்.

அரசாங்க மருத்துவமனையில் அவளிடம், மருந்து உங்கள் தோட்டத்துப் பக்கமே கிடைக்கும், சொல்லி அனுப்புவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை கடிதமாக ஒரு சூராட் வரும், அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று புரிந்துகொண்டாள். நாங்கள் இங்கே கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு அவள் வருவாள் என்றிருந்தோம். அவள் அங்கே எங்கள் கடிதத்துக்காக இருந்தாள்.

"புல்வெட்டுக்குக்கூட போகல ஐயா. நா இல்லாதப்ப சூராட் வந்து திரும்பிப் போயிடுச்சின்னா? அதான் வீட்டுலயே இருக்கேன்."

தேவதாஸ் குனிந்து அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, தாமதம் எங்கள் பக்கத்தில்தான், உன் மேல் தப்பில்லை என்று சொன்னார். அன்றே வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். முதல் ஊசி அன்று மதியம். அவள் கணவனையும் பிள்ளையையும் பரிசோதனைக்கு அனுப்பினோம். இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

டாக்டரிடம் விஷயத்தைச் சொல்ல நானும் கூடப் போனேன். "எங்க லிஸ்ட்ல ஒரு தப்பு இருந்திச்சி டாக்டர், கண்டுபிடிச்சிட்டோம்" என்றார் தேவதாஸ். என் பெயரைச் சொல்லவே இல்லை. கண்டுபிடித்தது யார் என்று டாக்டர் கேட்டபோது மட்டும் என் பக்கம் கையைக் காட்டினார்.

5. எண்ணிப் பார்ப்பது

அதன் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை இரண்டு லிஸ்ட். ஒன்று நின்றுவிட்டவர்கள், மற்றது வரவே இல்லாதவர்கள். கடிதம் வந்த அன்றே நோயாளியின் வீட்டுக்கு வேனில் ஒரு அட்டை போகும்.

பிற்பாடு மற்ற தோட்டங்களில் கணக்கு எழுதும் கிராணிகளுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுக்கும்படி ஆயிற்று. கம்ப்யூட்டர் தப்பு செய்துவிட்டது என்று யாராவது வந்தால், நீங்கள் கேட்டது என்ன என்று தமிழில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள் என்பேன். பாதித் தப்பு அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு அட்டவணையை இணைக்கிற அன்று, இணைப்பதற்கு முன் எத்தனை பேர், இணைத்த பின் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள் என்பேன். குறைந்தவர்கள் யாரென்று தெரியாமல் தாளை யார் கையிலும் கொடுக்கக்கூடாது. இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்.

லெட்சுமிக்கு மருந்து முடிந்த அன்று அவள் கைலிக்கு மேல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளையோடு வந்தாள். கன்னம் நிறைந்திருந்தது. மருந்து ஸ்டோர் வாசலில் நின்று, என் பெயர் இந்த மிஷினுக்குள் இருக்கிறதாமே, பார்க்கலாமா அக்கா என்று கேட்டாள். உள்ளே கூப்பிட்டு என் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவளுடைய எண்ணைப் போட்டு, அவள் மருந்துக்கு வந்த தேதிகளையெல்லாம் கேட்டேன். பச்சை எழுத்தில் வரிகள் வந்து, திரை நிறைந்து, மேலே மேலே ஏறிக்கொண்டே போயின. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியும் அவள் வந்த ஒரு நாள் என்று சொன்னேன். கடைசி வரி வந்து நிற்கும்வரை கண் எடுக்காமல் பார்த்தாள்.

"இத்தன நாளா வந்தேன்?" என்றாள்.

எண்ணிக் காட்டச் சொல்லி ஒரு வரி தட்டினேன். ஒரு நாளும் விடவில்லை.