மாடசாமி பிடியை மாற்றிய ஒரு பந்து

கடந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. மாடசாமிக்கு நெஞ்சுவலி, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியில் கயத்தாற்றைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். நம் தொலைபேசி நிலைய மன்றத்தில் அவனோடு டேபிள் டென்னிஸ் ஆடிய உங்களுக்கு, அவனைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்றே நினைத்தேன்.

அவன் மட்டையைப் பேனாவைப்போல் பிடிப்பான். நான் கைகுலுக்குவதுபோல் பிடிப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் இரட்டையர் போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"ஏலே, நீயும் பேனாப் பிடிக்கு வந்திரு. ரெண்டு பேரும் ஒண்ணுபோல நின்னாத்தான் இடிச்சுக்கிடாம நகர முடியும்."

"அப்ப எடது பக்கம் வார பந்த என்ன செய்ய? பேனாப் பிடியில புறங்கையால ஓங்கி அடிக்க முடியாதுல்லா?"

ஆனாலும் மூன்று வாரம் முயன்றேன். மணிக்கட்டு வீங்கியது, விட்டுவிட்டேன். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கோபம்போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அரையிறுதியில் கடைசி ஆட்டம். இருபதுக்கு இருபது. அவனுடைய இடது மூலைக்குப் பந்து வந்தது. சட்டென்று மட்டையை என்னைப்போலப் பிடித்துப் புறங்கையால் ஓர் அடி. எதிராளிகள் அசையக்கூட இல்லை. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். நானோ பதறிப்போனேன்.

"ஏலே, என்ன செய்யுதே? ஒழுங்காப் பிடி!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவன் பழைய பிடிக்குத் திரும்பினான். அடுத்த மூன்று புள்ளிகளும் போயின. திரும்பும் பஸ்ஸில் ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"தெரியலலே. கை தானா மாறிட்டு" என்றான்.

கடைசி நேரத்தில் விளையாட்டுக் காட்டித் தோற்கடித்தவன் என்று மன்றத்தில் பல வருடம் அவனைக் கேலி செய்திருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

துக்க வீட்டில் அவன் மனைவி சொன்னார்: "அண்ணே, அந்தப் போட்டிக்கு முன்னால தெனமும் மாடியில சுவத்துல அடிச்சு ஒங்க பிடியப் பழகுனாவ. 'அவனுக்குக் கை வலிக்கி, நான் மாறிக்கிடுதேன்'னு சொன்னாவ. ஒங்ககிட்டச் சொல்லலியா?"

சொல்லவில்லை. பழகியவன் அந்த ஒரு பந்துக்கு மட்டும் ஏன் துணிந்தான்? பஸ்ஸில் ஏன் மறைத்தான்? நாங்கள் தோற்றது அவன் மாற்றியதாலா, நான் கத்தியதாலா? எப்படி யோசித்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பந்து போனதும், நான் வாய் திறப்பதற்கு முன், அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்பைத்தான். அன்று நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை.