முளைக்கக் கூடாத ரோஜா

கெலமங்கலம் சாலையில் காரை நிறுத்திவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒரு ரோஜாக் கொட்டகைக்குள் நுழைகிறேன். எல்லாம் ஏற்றுமதிப் பூ. ஓர் அம்மா கட்டுக்கட்டாகத் தண்டுகளை நீல வாளிக்குள் முக்கிக்கொண்டிருக்கிறார். வாளியில் களைக்கொல்லி, முக்குவது வெறுங்கை.

"கையுறை போடலையாம்மா?"

"முள்ளு குத்திக் கிழிஞ்சிருதுங்க சார். உள்ள போன மருந்து உள்ளயே நிக்குது. அதுக்கு வெறுங்கையே தேவலை."

"இதுல எதுக்கு முக்கச் சொல்றாங்கன்னு தெரியுமாம்மா?"

"வாங்கற நாட்டுல இது முளைச்சிரக் கூடாதாம். நம்ம கவர்மெண்டுல யாரோ சரின்னு ஒத்துக்கிட்டு வந்துட்டாங்களாம்."

அந்த யாரோ நான்தான். வணிகப் பேச்சுவார்த்தையில் அரசின் வழக்கறிஞனாக உட்கார்ந்து, நம் ரோஜாவுக்கு அந்தச் சந்தையைத் திறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டவன். தண்டு எவ்வளவு ஆழம் நனைய வேண்டும், எத்தனை நிமிடம் என்றெல்லாம் வரி வரியாக எழுதினேன். நனைப்பதற்கு ஒரு கை வேண்டும் என்பது மட்டும் என் புத்திக்கு எட்டவே இல்லை.

அந்த அம்மா தண்ணீர்க் குடத்தைக் கண்ணால் காட்டுகிறார்.

"நீங்களே மொண்டு குடிச்சுக்கங்க சார். இந்தக் கையால எம் புள்ளைக்கே நான் தண்ணி குடுக்கறதில்ல."