மூடுபனிக்குள் ஒரு ஹாரன்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். வட பாகிஸ்தானில், சோஸ்ட் ஊருக்கு மேலே, சீன எல்லைக்குப் போகும் லாரிச் சாலையை அகலப்படுத்தியபோது எனக்கே நடந்தது இது.

மண் சரிந்த இடத்தில் என் அக்கா புருஷன் ஷம்பி புல்டோசர் ஓட்டுவான். எதிர்ப்பாறையில் தனியாக நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. நான் இரண்டு விசிலடித்தால், மலை சும்மா இருக்கிறது, வேலையைப் பார் என்று அர்த்தம். அவன் ஒரு ஹாரன் அடிப்பான். நீளமாக ஒரே விசில் என்றால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். அவன் உயிர் என் விசிலில் இருந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. புல்டோசர் மறைந்தது. என் பூட்ஸே எனக்குத் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விசிலடித்தேன். ஹாரன் வந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த வெறுமையில் அது ஒன்றுதான் துணை.

மறுபடி விசில். மறுபடி ஹாரன். ஆனால்... எஞ்சின் சத்தம் எங்கே?

அடுத்த ஹாரன் கம்மலாக வந்தது. மண்ணுக்கடியிலிருந்து வருவது போல. நான் விசிலடிக்காமலே இன்னொன்று. இன்னொன்று...

சடசட... மேலே கற்கள்.

நீளமாக ஊதினேன்.

ஹாரன். அவன் நகரவில்லை!

"மச்சான், ஓடு!"

ஹாரன்.

அக்கா முகம் கண்முன் வந்தது. விழுந்தடித்து இறங்கி ஓடினேன். சாலை வளைவில் ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

ஷம்பி! தோளில் பேட்டரி. எங்கள் எதிரிலேயே மலை இடிந்து இறங்கியது.

"எங்கடா பாயற? சாகவா?"

"நீ... ஹாரன் அடிச்சியே?"

"எதால அடிக்க, வாயாலயா? பனி இறங்கினதுமே எஞ்சின் நின்னுபோச்சு. பேட்டரியக் கழட்டி கேம்ப்புக்குத் தூக்கிட்டுப் போயிட்டிருக்கேன். போறப்போ கத்தினேனே, காதுல விழலயா?"

அப்போது, விழுந்த மண்ணுக்குள்ளிருந்து...

ஹாரன்.

ஷம்பி பேட்டரியைக் கீழே போட்டுவிட்டான்.

கோடையில் அந்த இடத்தைத் தோண்டினோம். எங்கள் புல்டோசருக்கும் கீழே இன்னொன்று கிடந்தது. முதன்முதலில் சாலை போட்ட காலத்தது. ஓட்டியவர் இன்னும் இருக்கையிலேயே இருந்தார். கை ஹாரன்மேல்.

பக்கத்து ஊர் ரஜப் மாமா அந்தக் காலத்தில் அங்கே கல் உடைத்தவர். அவரிடம் கேட்டேன்.

"மண்ணு மூடினப்புறமும் மூணு நாள் ஹாரன் கேட்டுச்சுப்பா. மலை சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, கிட்டப் போக முடியல. விசிலடிக்கிறவனத்தான் முதல்ல கீழ இறக்கிட்டாங்க. பதிலுக்கு ஊத ஒருத்தன்கூட இல்ல."