தரகர் அழுத அழுகை

ஆரணியை ஒட்டிய எங்கள் மனையை விற்பதற்கு, யாரையும் கேட்காமல் ஒரு தரகருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார் அப்பா. ரத்து செய்யச் சொல்லி நான் போட்ட சண்டை எதுவும் எடுபடவில்லை.

அப்பா இறந்த அன்று, "பாதியில வுட்டுட்டுப் பூட்டியே அண்ணா" என்று அந்தத் தரகர் புரண்டு அழுதார். தறியை நிறுத்திவிட்டு வந்த தெருக்காரர்கள் என்னை விட்டுவிட்டு அவரைத் தேற்றினார்கள்.

மனை போனதுதான் என்று நினைத்துக்கொண்டே, காரியம் முடிந்ததும் வக்கீலிடம் போனேன்.

"எழுதிக் குடுத்தவரு போயிட்டா பவரும் அதோட முடிஞ்சிதுங்க. இனிமே அந்த ஆளு விக்க முடியாது" என்றார்.

வெளியே வந்து நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். அப்போதுதான் தரகரின் அழுகை விளங்கியது. அன்று எழவு வீட்டில் சட்டம் தெரிந்திருந்தது அவர் ஒருவருக்குத்தான்.