ஒரு முறம் தவிடு

முத்துத்தாய் பெற்றது நாலு. முதல் மூன்றும் தொட்டிலைத் தாண்டவில்லை. ஒன்று பன்னிரண்டாம் நாள் போனது, ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று பல் முளைக்கிற நேரத்தில். நாலாவது வயிற்றில் இருக்கும்போதே அவள் முடிவு கட்டிவிட்டாள், இதைப் பெற்றதும் விற்றுவிடுவது என்று.

விற்பது என்றதும் பதறவேண்டாம். மதுரைப் பக்கம் அது வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் குழந்தை பிறந்தால், பெற்றதையெல்லாம் காப்பாற்றி ஆளாக்கிய மகராசி ஒருத்தியிடம் அதை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். தவிட்டுக்குப் போன பிள்ளை ஒன்றுக்கும் ஆகாத பிள்ளை, எமன் சீந்த மாட்டான். குழந்தை பெற்றவள் வீட்டிலேதான் இருக்கும், அவள் பாலைத்தான் குடிக்கும். ஆனால் அவள் அதற்கு அம்மா இல்லை. அத்தை.

வாங்கியவள் கோரிப்பாளையம் ஷரீபா. அவள் புருஷன் சேக் இஸ்மாயில், தர்காவுக்குப் பக்கத்தில் லாந்தர் விளக்குக்கு ஈயம் பற்றவைக்கிற கடை வைத்திருந்தார். நாலு பிள்ளைகள், நாலும் குத்துக்கல்லாக நின்றன. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த முத்துத்தாயின் வீட்டுக்கு ஷரீபா முறத்தோடு வந்து, தவிட்டைக் கொட்டி, குழந்தையைத் தூக்கி முத்தமிட்டு, "எம் பிள்ளைய உங்கிட்ட வளக்கக் குடுத்துட்டுப் போறேன், பத்திரமாப் பாத்துக்க" என்று திருப்பிக் கையில் கொடுத்தாள். பிள்ளைக்கு வைத்த பெயர் பிச்சை.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. முத்துத்தாயின் புருஷன் கருத்தக்கண்ணன் திருவாதவூர்க்காரன், மில்லுக்கு வாடகை வண்டியில் பஞ்சுப் பொதி இழுப்பவன், எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். பிறப்பைப் பதிய முனிசிபாலிட்டிக்குப் போனவனுக்கு வழியெல்லாம் யோசனை. ஊருக்குள் எமனை ஏமாற்றிவிட்டோம், சர்க்கார் நோட்டில் உண்மையை எழுதிவைத்தால் எமன் அங்கே வந்து பார்க்கமாட்டானா? அதனால் தகப்பன் சேக் இஸ்மாயில், தாய் ஷரீபா, பிள்ளை முகைதீன் பிச்சை என்று சொல்லி எழுதவைத்துவிட்டு, வேலையைச் சுத்தமாக முடித்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தான். முத்துத்தாய் அன்றைக்கு அவனுக்கு ஒரு முட்டை அவித்துப் போட்டாள்.

பையன் வளர்ந்தான். நாலு வயதில் ஒருநாள் தெருப் பிள்ளைகளைப் பார்த்து அவனும் வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டான். கூப்பிட்டது அவளைத்தான். எமன் காதில் விழுந்துவிடுமே என்று முத்துத்தாய் ஓடிவந்தாள். புளிய விளாறை எடுத்து, அத்தைன்னு சொல்லு, அத்தைன்னு சொல்லு என்று விளாசித் தள்ளிவிட்டாள். அவன் சொன்ன பிறகும் நாலு விழுந்தது. அப்புறம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை அழுதாள். அதற்குப் பிறகு அவன் வாய் தவறவே இல்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் பிச்சைக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. வயது ஆறு. கழுத்து வீங்கி, மூச்சு சீட்டியடித்தது. அந்த நோய்க்கு மெட்ராஸிலிருந்து வருகிற ஊசி ஒன்றுதான் மருந்து. அந்த வாரம் அது இருந்தது மில் டிஸ்பென்சரியில் மட்டும். மில்லில் வேலை பார்ப்பவர்கள் பெற்ற பிள்ளைக்கு, பத்து வயதுவரை, அங்கே எல்லாமே இலவசம். இரண்டு வருஷத்துக்கு முன் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய சலுகை அது. முத்துத்தாய்க்கும் அங்கே நூல் சுற்றுகிற வேலை; மற்றப் பெண்களோடு அவளும் கேட்டில் உட்கார்ந்து பதினோரு நாள் பட்டினி கிடந்திருக்கிறாள், இந்த ஒரு பிள்ளையை நினைத்து.

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, பொழுது இறங்குவதற்குள் ஊசி போட்டாக வேண்டும், டைம் ஆபீசில் சீட்டு வாங்கிவா என்றார். மில் ஆட்களின் வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸ் ரைட்டர் சின்னச்சாமி பிறப்புச் சீட்டைக் கேட்டார். அவள் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துவந்ததைக் கொடுத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது படிக்கத் தெரியாத அவளுக்கு நினைவே இல்லை.

சின்னச்சாமி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. போன மாதம்தான் இரண்டு பேர் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று காட்டி மருந்து வாங்கியது வெளியே வந்து, அவருக்கு மேலிடத்தில் சரியான மண்டகப்படி. இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். தவிட்டுக்கு விற்ற கதையை முத்துத்தாய் திக்கித் திணறிச் சொன்னாள். கேட்டுவிட்டு, இருக்கலாம்மா, ஆனா பேப்பர் அப்படிச் சொல்லலையே என்றார். மில்லில் கூட வேலை பார்க்கும் சோலையம்மாள் சாட்சிக்கு வந்தாள். போன மாதமும் சாட்சி சொல்ல ஆள் வந்தார்கள் என்றார்.

கருத்தக்கண்ணன் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஷரீபாவைக் கூட்டிவந்தான். அவள் மூச்சிரைக்க வந்து, நான் வாங்கினது வெறும் பேருக்கு, அல்லா மேல சத்தியமா இவ பெத்த பிள்ளை என்றாள். சின்னச்சாமி சீட்டைக் காட்டி, இதில் இருப்பது உன் பெயர்தானே என்று கேட்டார்.

கருத்தக்கண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். எமனுக்கு எழுதிய பொய் இந்த மனிதர் கைக்கு வந்து சேரும் என்று அவன் கண்டானா! மணி மூன்றரை. பிச்சை முத்துத்தாயின் மடியில் கிடந்தான். உதடு நீலம் பூக்கத் தொடங்கியிருந்தது.

சின்னச்சாமி எழுந்து வந்து பையனிடம் குனிந்தார். "தம்பி, உங்கம்மா யாருடா?"

பிச்சை ஷரீபாவைக் காட்டினான்.

அவ்வளவுதான். தான் அடித்த அடி ஒவ்வொன்றும் திரும்பித் தன் மேலேயே விழுந்தது முத்துத்தாய்க்கு. சொல்வதா வேண்டாமா? சொன்னால் எமன் காதில் விழும், சொல்லாவிட்டால் ஊசி கிடையாது. ஆறு வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்த வாயை அங்கே, அத்தனை பேர் முன்னால் திறந்தாள்.

"நாந்தான்டா உன்னைப் பெத்த அம்மா. சொல்லுடா. அம்மான்னு சொல்லு, சாமி."

பையன் அவள் முகத்தையே பார்த்தான். அப்புறம் அவள் வலது கையைப் பார்த்தான்.

"சொன்னா அடிப்பியே, அத்தை" என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது.

யார் அடித்தது என்று சின்னச்சாமி கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று கொண்டுவருகிற எவளும் அதற்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, "முத்துத்தாய் பெற்ற மகன் பிச்சை, வயது ஆறு" என்று எழுதினார். கீழே கைநாட்டு வைக்கச் சொன்னார். அவள் பெருவிரல் மையில் தோய்ந்த பிறகும் காகிதத்தில் இறங்க மறுத்தது. எமனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது போலிருந்தது அவளுக்கு. ஷரீபாதான் விரலைப் பிடித்து அழுத்தினாள்.

ஊசி ஏறியது. ஏறிய பிறகு இரண்டு நாள் ஒன்றுமே தெரியவில்லை. முத்துத்தாய் டிஸ்பென்சரி வராந்தாவில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தால் எழுந்து நின்றாள். சொல்லிவிட்டேனே, சொல்லிவிட்டேனே என்று வாய் முணுமுணுத்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் சீட்டிச் சத்தம் நின்றது. மூச்சுதான் நின்றுவிட்டது என்று நினைத்து ஷரீபா ஓலமிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். பையன் கஞ்சி கேட்டானாம்.

பன்னிரண்டாம் நாள் முத்துத்தாய் அவனை வீட்டுக்குத் தூக்கிப்போனாள். ஆறு வயதுப் பிள்ளை இடுப்பில் பஞ்சாக இருந்தான். கோரிப்பாளையம் திரும்புகிற இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. முத்துத்தாய் நின்றாள். இனிமே அம்மான்னே கூப்பிடு, அடிக்க மாட்டேன் என்றாள்.

பிச்சை தெருவின் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு அவள் காதோடு வாயை வைத்து, மெள்ளச் சொன்னான்.

முத்துத்தாயின் கை அவளை அறியாமல் எழுந்து அவன் வாயைப் பொத்தியது.