பதினெட்டுப் பெட்டிகள்

காகித ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலை நேரத்தில் பாதியை ஏணி மேலேயே கழிப்பவள் என்பதால் ஏணியக்கா. கூடத்தின் தூண்களில் பொருத்தியிருந்த பதினெட்டு வயர்லெஸ் பெட்டிகள் அவள் பொறுப்பு. காகித உருளைகளைச் சுமந்து தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளுக்கு அவற்றின் வழியாகத்தான் உத்தரவு போகும். ஓர் உருளை இரண்டு டன். பக்கத்திலேயே நடந்து வரும் ஆள் கைக்கருவியில் பொத்தானை அமுக்கினால் வண்டி நகரும்; இன்னொன்றை அமுக்கினால் நிற்கும்.

கணவர் இறந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. தங்கை குடும்பம்தான் அவளுக்கு எல்லாம். தங்கை கணவர் வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, மேலாளரிடம் நடையாய் நடந்து, வண்டி ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அவர் வாய் சும்மா இருக்காது. "அக்கா, மேலே காத்து எப்படி வருது?" என்று கீழிருந்து கத்துவார். கூடமே சிரிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டி தயாரித்த நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது. அவள் மூன்று முறை படித்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், நம்ம பெட்டியில ஓட்டை இருக்காம். பாஸ்வேர்டே வேண்டாம். விஷயம் தெரிஞ்சவன் ஒரு கட்டளை அனுப்பினா போதும், பெட்டி அவன் சொல்றதைத்தான் கேக்கும்."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"புது சாஃப்ட்வேர் குடுத்திருக்காங்க. ஆறு மணி நேரம் ஆலையை நிறுத்தினா எல்லாத்துலயும் ஏத்திடுவேன்."

"ஆறு மணி நேரமா? என் தலை போயிடும்மா! மூணு மாசத்துல பராமரிப்புக்கு நிறுத்தத்தானே போறோம், அப்போ பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் வண்டி ஓட்டறவங்ககிட்டயாவது சொல்லி வைக்கட்டுமா?"

"மூச்சு விடாதீங்க. நாளைக்கு ஒருத்தனும் வண்டியைத் தொட மாட்டான்."

அவள் விஷயத்தை எழுத்தில் இரண்டு முறை அனுப்பினாள். இரண்டுக்கும் "பார்த்தேன்" என்று பதில் வந்தது. வெளியாள் யாரும் உள்ளே புக முடியாமலிருக்க, சிக்னல் மதிலைத் தாண்டிப் போகாதபடி குறைத்து வைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் மூலைகளில் வண்டிகள் உத்தரவு எட்டாமல் தடுமாறின. திட்டு வாங்கிக்கொண்டு பழையபடி வைத்தாள்.

ஞாயிறுதோறும் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். சொன்னால், அவர் வாய்க்கு, திங்கட்கிழமை ஆலை முழுக்கத் தெரிந்துவிடும். தன் வேலையும் போகும், அவர் வேலையும் போகும்.

"ஏன்க்கா முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று தங்கை கேட்டாள்.

"தலைவலி" என்றாள்.

ஏழாவது வாரம், காலை பத்து மணி. அவள் நான்காம் தூணில் இருந்தாள். கீழே, தண்டவாளம் சுவரை ஒட்டித் திரும்பும் இடத்தில், தங்கை கணவர் வண்டியோடு நடந்துகொண்டிருந்தார். கண்ணெதிரே பெட்டிகளின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின; சிக்னல் அறுந்துகொண்டிருந்தது. "மாப்ளே, விலகுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இயந்திர இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். வண்டி நிற்காமல் வந்து அவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள்.

சிக்னல் அறுந்தால் வண்டி தானாக நிற்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று உற்பத்திப் பிரிவு அதை ஒரு வருடம் முன்பே முடக்கி வைத்திருந்தது. விசாரணை அறிக்கையில் அது இல்லை. வெளியிலிருந்து உள்ளே புகுந்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அவள் எழுதிய இரண்டு கடிதங்கள் மட்டும் மேசைமேல் இருந்தன.

"ஆபத்து தெரிஞ்சும் ஏன் சரி பண்ணல?" என்று விசாரித்தவர் கேட்டார்.

"அனுமதி கிடைக்கல, சார்."

மேலாளர் நிதானமாகச் சொன்னார்: "நான் பார்த்தேன்னுதான் எழுதினேன். வேண்டாம்னு எங்கே எழுதியிருக்கேன்?"

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஒருவர் வந்து பதினெட்டுப் பெட்டிகளிலும் புது சாஃப்ட்வேர் ஏற்றினார். ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

மருத்துவமனை நடைவழியில் தங்கை அவளை நிறுத்தினாள்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"ஏழு வாரமா."

"ஏழு வாரமும் எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்க. அவர் பக்கத்துலயே உக்காந்து."

தங்கை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். வாசலில் வேறு யாருடைய செருப்புகளோ கிடந்தன. கதவைத் திறந்த பெண், "அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே" என்றாள்.

"எங்கேன்னு சொன்னாங்களா?"

"இல்லையே. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.